ஒரு அளவு பெரிசு

லூயிஷம் ரயிலடிக்குப் பின்னால்
மாவு மில்லாக இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
எங்கள் வகுப்பு.
தரையில் ஒன்பது குழிகள்.
ஒன்றில் மணல், ஒன்றில் சரளை,
ஒன்றில் போன வருஷத்து மாணவன் யாரோ
கொட்டிவிட்டுப் போன சோளப்பொரி. அது பனி.
கண்ணாடிக்கு அப்பால் திரையில்
ஒருத்தி படியிறங்குகிறாள், சத்தமே இல்லாமல்.
அவளுடைய காலடி நான்.

குத்தாயிசியில் இருக்கும் அம்மாவிடம்
படைப்புத் தொழில்துறையில் முதுகலை என்பதை
எங்கள் மொழியில் சொல்லிப் பார்த்தேன்.
படைப்பு என்றதும் மாதா கோயில் சுவர்ச் சித்திரத்தை நினைத்தாள்,
தொழில்துறை என்றதும்
பூட்டிக் கிடக்கும் லாரிக் கம்பெனியை.
இரண்டையும் ஒட்டவைக்க எனக்கும் தெரியவில்லை.
"நடக்கிற சத்தம் செய்யிறேம்மா" என்றேன்.
மறுவாரம் பக்கத்து வீட்டு லமாரா
செருப்புக் கம்பெனியில் சம்பளம் எவ்வளவு என்று
செய்தி அனுப்பினாள்.

எங்கள் ஊர்ப் பணத்துக்கும் லாரி என்றுதான் பெயர்.
ஒரு லாரிக்கு இங்கே ஒரு முட்டை,
அதுவும் கடைக்காரன் சிரித்த முகமாக இருந்தால்.

எலும்பு முறிய வேண்டுமென்றால் செலரித் தண்டு.
சண்டைக் காட்சி உள்ள வாரங்களில்
முறித்த எலும்பையெல்லாம் பையில் வாரிக்கொண்டு வருவேன்.
எபியேரே சூப் வைப்பாள், மிளகாய்த்தூள் கணக்கில்லாமல்.
அவள் போர்ட் ஹார்கோர்ட்காரி, உடை வடிவமைப்பு படிக்கிறாள்.
ஒரே அறை. நடுவில் திரைச்சீலை.
அவள் தையல் இயந்திரம் இரவு இரண்டு மணிவரை ஓடும்,
நான் மைக்கைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவேன்.
அந்தத் தையல்தான்
கிராட்ஸிலிருந்து வந்த டோபியாஸின் குறும்படத்தில்
எல்லையைத் தாண்டுகிற ரயில்.
அவளுக்குச் சொல்லவில்லை.
வியாழக்கிழமை ஒப்பந்த வகுப்பில்
ஒலி யாருக்குச் சொந்தம் என்று கேட்டபோது
குனிந்து பேனா தேடினேன்.
அன்று மாலையே சொல்லிவிட்டேன்.
"ரயிலுக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று கை நீட்டினாள்.
ஒரு வாரம் பாத்திரம் நான் கழுவினேன்.

ரயில் வருவதற்கு முன்னால்
கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.
சமையலறையிலிருந்து வாசல்வரை பதினொரு அடி.
நடிகைக்கு நீளமான பாதம்.
அறக்கட்டளைக் கடையில் இரண்டு பவுண்டுக்கு
நாற்பத்தொன்றாம் அளவுக் காலணி வாங்கி
முனையில் செய்தித்தாள் அடைத்துக்கொண்டேன்.
"கோபமாகப் போகிறாள்" என்றான் டோபியாஸ்.
கோபமாகப் போனேன்.
"திரும்பி வந்துவிடலாமா என்றும் நினைக்கிறாள்."
ஏழாவது அடியில் தயங்கினேன்.
"தயங்கியது தெரியக் கூடாது."
முப்பத்தெட்டு முறை அந்த வீட்டைவிட்டுப் போனேன்.
முப்பத்தொன்பதாவது முறை
நிஜமாகவே எனக்கு யார்மேலோ கோபம் வந்தது.
அதை வைத்துக்கொண்டான்.

திரையிட்ட அன்று கூட்டம் நாற்பது பேர் இருக்கும்.
பதினொரு அடியும் கேட்டது.
யாரும் கேட்கவில்லை;
அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.
பெயர்கள் மேலேறின.
சாப்பாடு கொடுத்தவர்களுக்குக் கீழே
நாய்க்கு நன்றி சொன்ன வரிக்கு மேலே
தமூனா என்பது தாமினா ஆகியிருந்தது.
எபியேரே மட்டும் விசிலடித்தாள்,
ரயில் வந்த இடத்தில்.

படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன்.
லமாராவின் போனில் இருவரும் பார்த்தார்களாம்.
ஆங்கிலம் தெரியாது, கதை பிடிபடவில்லை,
நாய் நன்றாக இருந்ததாம்.
பிறகு கொஞ்சநேரம் பேச்சில்லை.
லைனில் அவள் வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது,
பழக்கதோஷத்தில் எண்ணினேன், ஆறு.

"அந்தப் பொண்ணு வீட்டைவிட்டுப் போறாளே,
அவளுக்குச் செருப்பு ஒரு அளவு பெரிசு,
ரெண்டுகூட இருக்கும்.
இழுத்து இழுத்து நடக்கிறா பாவம்.
உங்க கம்பெனியில சொல்லி
சின்னதா ஒண்ணு குடுக்கச் சொல்லு."