பகலில் ஒரு பாதை

உரக்கடை பில்லின் பின்பக்கத்தில்
நாலு நாள் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
கந்தப்பளையில் கரண்ட் போய்
முக்கால் மணித்தியாலம்.
மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம்
குணாளன் லொறிக் கணக்கோடு இருந்தான்.

கனடாவிலிருந்து சுபாங்கி படம் அனுப்பியிருக்கிறாள்.
சிவப்பு மரங்கள், அதற்குள் நுழையும் கார்.
இலையுதிர் காலத்தில் மலை சுற்றுகிறார்களாம்.
எங்கள் மலையில் இலை உதிர்வதில்லை.
உதிர விடுவதில்லை,
எட்டு நாளைக்கு ஒருக்கால் ஆள் வந்துவிடும்.
ஆனால் ஐப்பசி இருக்கிறது.
காலையில் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி வானம்,
பகல் இரண்டு மணிக்கு இடி.
ஆகவே ஓட்டமெல்லாம் மதியத்துக்குள்.

முதல் நாள் ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை.
சின்னம்மா வீட்டில் படுக்கை.
இரண்டாம் நாள் எல்ல, அருவி.
மூன்றாம் நாள் அப்புத்தளை, பெரகலை வரை.
நாலாம் நாள் ஒஹிய வழியாக மேலேறி
பட்டிப்பொல. டிக்கட் எவ்வளவோ, கேட்க வேண்டும்.

செபஸ்தியானின் டொல்பின் வேனில்
இரண்டு டயர் மொட்டை.
அபிக்கு வளைவு ஒத்துவராது:
தோடம்பழத் தோல், சொப்பிங் பேக், மாற்றுச் சட்டை.
எல்லயில் அறை வாடகை
வெள்ளைக்காரருக்கு எழுதிய விலை,
சோறு கட்டிக்கொண்டு போய்
பொழுதோடு திரும்பிவிடலாம்.

"வெலிமடை ரோட்டில வளைவு கூடவா?"
பேனையை வைக்காமலே சொன்னான்.
எந்த வளைவில் இரண்டாம் கியர்,
எந்த மதகில் நாய் படுத்திருக்கும்,
எந்தக் கடைக்காரன் மூன்று மணிக்கும்
பிளேன்டீக்கு இஞ்சி தட்டுவான்,
எல்லாம்.
பதினோரு வருஷம் லீக்ஸும் கரட்டும் ஏற்றி
அந்த வழியாக வெல்லவாய இறங்குகிறவன்.

"அருவி எப்படி இருக்கும்?"
கொஞ்சம் யோசித்தான்.
"அந்த இடத்தில வைப்பர் போடணும்,
மழை இல்லாட்டியும்."
அப்புறம்?
"சத்தம். ரொஷான் எழும்பிடுவான்."
பார்த்ததில்லையா?
"ராத்திரியில என்னத்த பார்க்கிறது.
லைட் விழுற அளவுதான் எனக்கு மலை.
நூறு அடி.
அதுக்கு மேல இருக்குன்னு எஞ்சின் சொல்லும்."

நானுஓயா பார்மசியில்
கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி
இத்தனை வருஷம் இவன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன்.
இவனாவது ஊர் பார்க்கிறானே என்று.
ஒரு தடவை சண்டையில் சொல்லியும்விட்டேன்.
அன்றைக்கு அவன் ஒன்றும் பேசவில்லை.
தூங்கப் போனான்,
காலை ஒன்பது மணிக்கு,
ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு.

கரண்ட் வந்தது.
போன் ஒருதரம் அதிர்ந்து
பதுளைப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை என்றது.
"பெரகலையில எப்பவும் வர்றதுதான்,
ஒத்தைப் பாதையா விடுவான்," என்றான்.
மூன்றாம் நாளுக்கு எதிரே
கேள்விக்குறி போட்டேன்.
அபி எட்டிப் பார்த்து
அதற்குக் கண்ணும் வாலும் வரைந்தாள்.

அவன் பில்லைத் தன் பக்கம் இழுத்து
தலைப்புக்கு மேலே, சாய்ந்த எழுத்தில்,
புறப்பாடு 2.30 என்று எழுதினான்.
பகல் இரண்டரையா என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை.
கை பழகிய நேரம்.
நான் வெட்டினேன்.
விடிந்த பிறகு, என்று எழுதினேன்.

"எத்தனை மணின்னு போடு."
"விடிஞ்ச பிறகு."

காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
பாலத்துக்கு முன்னால்
லொறியை நிறுத்திவைத்தவன் மாதிரி.
பிறகு,
"எனக்கு கூலிங் கிளாஸ் இல்லியே," என்றான்.

டயருக்குக் கீழே
அதையும் எழுதினேன்.