இவன் அல்ல

உலான்பாத்தரில் இன்று முப்பத்தொன்று,
சுழியத்துக்குக் கீழே.
நிலக்கரிப் புகை சன்னலில் சாய்ந்து நிற்கிறது.
செந்த்சுரென் வந்து ஆட்டுத்தோல் பொதியைப் பிரித்தாள்.
ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு,
கடைசி மடிப்புக்குள் ஒரு பையன், உறக்கத்தில்,
மூக்கு நுனியில் கரி.

"பொழுது சாய்ந்து தூக்கி வருகிறேன் இல்லையா," என்றாள்,
"கேட்டால் முயல் என்று சொல்லிக்கொள்ளலாம்."
யார் கேட்டால் என்று நான் கேட்கவில்லை.
இவனுக்கு முன்பு இரண்டு பிறந்து தங்கவில்லை.
ஆகவே இவன் பெயர் எனெபிஷ்:
இவன் அல்ல.
வாசலில் வந்து நிற்பது
பட்டியலைப் புரட்டிவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்று.

படிவத்தில் என் பெயரையும் எழுதினேன்: நெர்குய்.
பெயரில்லை.
எனக்கு முன்பும் யாரோ தங்கவில்லை.
இருவரும் சிரித்தோம், கொஞ்சம்.

என் வேலை சின்னது.
பதினெட்டு மாதக் குழந்தையின் மூக்கில்
அதற்குத் தெரியாமல் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பேன்,
கண்ணாடியைக் காட்டுவேன்.
கை கண்ணாடிக்குப் போனால், இன்னும் இல்லை.
மூக்குக்குப் போனால், வந்துவிட்டது.
எது வந்தது என்று எழுதக் கட்டம் கிடையாது.

கரியைத் துடைக்கப் பஞ்சை எடுத்தேன்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
சரி, கரியே இருக்கட்டும்.
தூங்கும்போது இட்டதுதானே.

விழித்தான்.
கண் என்னும் வாயிலில் ஒளி வந்து உரசியது,
உரசலில் ஓர் இனிப்பு,
இனிப்புக்குள் ஒரு "இன்னும்."
இதுவரை ஆள் யாரும் வந்து சேரவில்லை.

(என் கணவன் எர்தெம் ஒன்பது வருடம் மடத்தில் இருந்தவன்,
இப்போது டாக்ஸி ஓட்டுகிறான்.
ஓரிரவு கேட்டேன்: இந்த நான் எப்போது தொடங்குகிறது?
யார் கேட்பது, என்றான்.
கம்பளிச் செருப்பை எறிந்தேன்.
பட்டது யாருக்கு, என்றேன்.
பதில் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.)

கண்ணாடிக்குள் ஒரு முயல்.
எனெபிஷ் அதைப் பார்த்துச் சிரித்தான், அதுவும் சிரித்தது.
பின்னால் எட்டிப் பார்த்தான்: பலகை, இரண்டு ஆணி.
மறுபடி முன்னால்.
கை எழுந்தது. பேனாவைத் திறந்தேன்.

மூக்குக்கும் போகவில்லை,
உள்ளே நின்ற முகத்துக்கும் போகவில்லை.
சட்டத்தைப் பிடித்து நெஞ்சோடு இழுத்து
"மினீ!" என்றான்.
என்னுடையது.

நான் வருமுன்பே வந்துவிட்டது என்.
வீடு கட்டுமுன் வேலி போட்டுவிட்டான்.
யாருடைய பிடி என்று தெரியாது,
ஆனால் என்ன பிடி!
விரல் விரலாகக் கழற்ற வேண்டியிருந்தது.
அழுதான், உதைத்தான், என் முகத்தில் முகத்தைப் புதைத்தான்,
பிறகு எதற்கு அழுதோம் என்பதை மறந்து
என் சட்டைப் பொத்தானை எண்ணத் தொடங்கினான்,
எண் எதுவும் தெரியாமல்.

இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டேன்.
மேலே இருப்பவர்கள் திட்டுவார்கள்.

நடைக்கூடத்தில் அவன் தத்தித் தத்தி முன்னே போனான்,
படிக்கட்டுப் பக்கமாக.
"எனெபிஷ்!" என்று அலறினாள் தாய்.
இவன் அல்ல என்று கூப்பிட்டதும்
இவன் திரும்பினான்,
முகம் முழுவதும்,
வேறு யாராகவும் இருக்க முடியாதபடி.

வீட்டில் எர்தெம் கதவைத் திறந்து
என்னைப் பார்த்துச் சிரித்தான்.
"மூக்கில் என்ன?"
கண்ணாடி ஆணியில்தான் தொங்குகிறது, இரண்டடி தள்ளி.
நான் அதைப் பார்க்கவில்லை.
அவன் முகத்தைப் பார்த்தேன்,
அங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று.

கை பாதி வழியில் நின்றது.