சரணடையும் காலை, கோத்தகிரி

மேகம் இறங்கி, கோர்ட்டுப் படியே தெரியவில்லை.
ஜோகி பெஞ்சின் ஓரத்தில்,
குரங்குக் குல்லா மடியில்.

கேரட் தோட்டத்துச் சுருக்குக்கம்பியில்
பன்றிக்குப் பதில் சிறுத்தை.

ரேஞ்ச் ஆபீஸில் வெறும் தாளில் கைநாட்டு வாங்கினாங்களே, செல்லுமா?
ஜாமீனுக்கு ரெண்டு ஆளாமே, பங்காளி ஒருத்தன் போதாதா?
ஒத்துக்கிட்டா குறையுமா?
உள்ளே குளிருமா?

எல்லோரும் கேட்பதுதான்.
சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன்.
கடைசிக்கு மட்டும்
கம்பளி எடுத்துக்கங்க என்றேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.
எழுந்தவர் குல்லாவை மாட்டினார், கழற்றினார்.
'கம்பி கட்டினது வேற ஆளா இருந்தா
அதை நான் உங்ககிட்ட சொல்லியே ஆகணுமா, வக்கீலம்மா?'

ரோட்டில் அவர் டெம்போ.
எஞ்சினை அணைக்காமல், இறங்காமல்
மகன்.

நான் கட்டைப் பிரித்து
ஏற்கெனவே படித்த பக்கத்தைத்
தேடிக்கொண்டிருந்தேன்.