தலையணை உறையில் ஒரு வாத்து

ஆறு குஞ்சுகள். ஆறும் கறுப்பு.
மார்பில் மட்டும் ஒரு மஞ்சள் தீற்றல்,
வண்ணம் அடித்தவன் கை துடைத்துவிட்டுப் போனதுபோல்.

தீவனக் கடையில் இரண்டு தொட்டிகள் இருந்தனவாம்.
ஒன்றில் கயூகா, மற்றதில் ஈஸ்ட் இண்டி.
நடுவில் நின்ற அட்டை இரவில் சாய்ந்துவிட,
ஒரே விளக்கின்கீழ் கலந்து தூங்கிவிட்டன.
"பெரிசானா தெரியும்" என்றார் கடைக்காரர்.
பெரிசாகாவிட்டால்? என்று
வண்டியைக் கிளப்பிய பிறகுதான் கேட்கத் தோன்றியது.

கயூகா எங்கள் ஏரியின் பெயர்.
பாத்திரம் கழுவும்போது சன்னலில் தெரியும் அதே ஏரி.
அந்த வாத்து பறக்காது. கனம்.
ஓடும், இறக்கை அடிக்கும்,
முழங்கால் உயரத்தில் மனம் மாறிவிடும்.
ஈஸ்ட் இண்டிக்கும் இந்தியாவுக்கும்
ஸ்நானப்பிராப்தி கிடையாது, பெயரோடு சரி.
முக்கால் கிலோ இருந்தால் அதிகம்.
அதற்கு வேலி என்பது ஓர் அபிப்பிராயம்.

மற்றபடி இரண்டும் ஒன்றே.
நிழலில் கரி,
வெயிலில் பொன்வண்டு முதுகு.

ஒன்பதாவது வாரம்
டெல்பின் ஓஸ்ட்ராண்டர் வந்தாள்,
சாலைத் திருப்பத்தில் தூண்டில் புழு விற்பவள்.
ஒரு கையில் மீன் நிறுக்கும் தராசு,
மற்றதில் நீலப்பூ போட்ட தலையணை உறை.
உறைக்குள் தலைகீழாய் ஒரு கோபம்.
கொக்கியில் மாட்டி, மூச்சடக்கி, முள்ளைப் படித்தோம்.
இரண்டு கிலோ. இரண்டே கால். இரண்டு. இரண்டு நூறு.
பிறகு அறுநூற்றைம்பது கிராம்,
உறை காலியோ என்று எட்டிப் பார்த்தாள்.
கடைசியாக ஒன்று:
ஆயிரத்து இருநூறு.

அப்படி ஒரு எண் எந்தப் பக்கமும் சேராது.
அலகைப் பார்த்தோம், கொஞ்சம் குட்டை.
தலையைப் பார்த்தோம், உருண்டையா, இல்லையா?
டெல்பின் உருண்டை என்றாள்.
நான் அவளைவிட்டு வாத்தைப் பார்த்தேன்.
வாத்து கத்தியது,
பெண் என்பது மட்டும் தீர்ந்தது.

கத்தரிப்பது ஒரு பக்கம் மட்டும்.
இரண்டு பக்கமும் வெட்டினால் மறுபடி சமமாகிவிடும்,
சமமானது எப்படியோ எழும்பிவிடும்.
அறுநூற்றைம்பது கிராமுக்கு வெட்டியாயிற்று.
ஆயிரத்து இருநூறுக்கு
இறகை விரித்தால், தண்டில் இன்னும் நீலம்.
உள்ளே ரத்தம் ஓடுகிறது.
"ரெண்டு வாரம் பொறு" என்றாள்.

பன்னிரண்டு நாள் பொறுத்தேன்.

செவ்வாய்க்கிழமை, பார்சல் லாரி
பீப் பீப் என்று பின்னால் வந்தது.
நான்கு கனவான்கள் ஓடி, மனம் மாறி, நின்றார்கள்.
வெட்டுண்டது ஒரு பக்கமாய்ச் சுழன்று
புதினாச் செடியில் விழுந்தது.
ஆறாவது மட்டும்
கொடியில் காயும் என் சட்டைகளைத் தாண்டி,
கராஜ் கூரையைத் தாண்டி,
"புழு கிடைக்கும்" பலகையைத் தாண்டி
போய்க்கொண்டே இருந்தது.
கால்கள் மட்டும் தொங்கின,
அவற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

பார்சல்காரர் கையெழுத்து வாங்க மறந்தார்.

ஏரியில் தூரத்தில் நாற்பது வாத்துகள்.
அந்தி வந்ததும் எல்லாமே கறுப்பு.
தொலைநோக்கியை இறக்கிவிட்டு
மக்காச்சோள டப்பாவைக் குலுக்கினேன்.
வெறும் சத்தம். வெறும் சாலை.
மீண்டும் குலுக்கினேன், பக்கத்து நாய் வந்தது.

எட்டு மணிக்குமேல், மேட்டுச் சாலையில்,
படகு இழுத்துவரும் ஒரு வண்டியை
ஊர்ந்து வரச் செய்தபடி
அது நடந்து வந்தது.
நடந்து!
விளக்கொளியில் பச்சை, பச்சை, பச்சை.

குறிப்பேட்டில் 'இனம்' என்ற கட்டத்தில்
'செவ்வாய்' என்று எழுதினேன்.

மறுவாரம் இறகுத் தண்டு வெளுத்து உலர்ந்திருந்தது.
காபி குடிக்க வந்த டெல்பின் கேட்டாள்:
"வெட்டிட்டியா?"
கத்தரி கிடைக்கலை என்றேன்.
மேசைமேல்
அவள் கோப்பைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.
அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு
சர்க்கரையை எடுத்துக்கொண்டாள்.