மண்டிச் சீட்டின் பின்பக்கம்

ஆற்றங்கரையில் பிறந்தவன் இல்லை நான்.
ஆனாலும் வலது காலில் ஒரு கெண்டை
ராத்திரி இரண்டரைக்குத் துள்ளுகிறது.

"புரண்டிடுச்சு" என்பேன்.
தவச்செல்வி விளக்கைப் போடமாட்டாள்.
இருட்டிலேயே கட்டைவிரலைத் தேடிப் பிடித்து
முழங்காலைப் பார்க்க மடக்குவாள்.
அவள் கையில் பகலெல்லாம் கழுவிய கேரட்டின் குளிர்.
கல்லாக எழும்பி நின்ற சதை
மெல்ல மாவாகும்.
அதற்குமேல் பேச ஒன்றுமில்லை,
மூன்றரைக்கு வண்டி எடுக்கணும்.

கேத்தி பாலாடாவில் நாற்பது மூட்டை ஏற்றி
காட்டேரி, குன்னூர், பர்லியாறு,
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டி.
பிரேக்கில் இருப்பது இதே கால்.

முதல் தடவை வந்தது ஒன்பதாவது கொண்டை ஊசியில்.
கொண்டை ஊசியில் கெண்டை என்று
பிற்பாடு கிளீனர் ரூபன் சிரித்தான்.
அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை.
என் சொல் கேட்காமல் கால்
பெடலை மிதித்தபடி இறுகியது.
நல்லவேளை, மிதித்தபடி.
எடுத்தபடி இறுகியிருந்தால்
என்று ஒரு வாக்கியம் என்னிடம் இருக்கிறது,
இன்னும் முடிக்கவில்லை.

கோத்தகிரியில் கால்சியம் என்றார்கள்.
குன்னூரில், தண்ணீர் குடிப்பதில்லை நீ என்றார்கள்
(இந்தக் குளிரில் யாருக்குத் தாகம்).
ஊட்டியில் ரத்தம் எடுத்தார்கள், மூன்று ட்யூப்.
சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை,
உப்புகள் எல்லாம் அதனதன் இடத்தில்.
மருந்துக்கடைப் பையன் வாழைப்பழம் சொன்னான்.
மாமனார் தலைமாட்டில் இரும்பு வைக்கச் சொன்னார்,
ஜாக்கி லீவரை வைத்துப் படுத்தேன்.
நார்மல், நார்மல், நார்மல்.
அந்த வார்த்தையை யாராவது
என் காலுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கோயம்புத்தூரில் டாக்டர் ஹேமலேகா
சதைக்குள் ஊசியை இறக்கி
மிஷினின் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார்.
"லேசா அமுக்குங்க, பிரேக் மாதிரி."
அமுக்கினேன்.
தகரக் கூரையில் மழை.
ஐப்பசியில் எங்கள் லைன் வீட்டில்
படுத்தபடி கேட்கும் அதே மழை
என் காலுக்குள்.
கண் கலங்கிவிட்டது.
ஒரு மிஷினாவது ஒத்துக்கொண்டதே என்று.

"இது நல்ல சத்தம்தாங்க. எல்லார் காலிலும் இப்படித்தான்."

நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.
மெக்கானிக்கைக் கண்டதும்
சத்தத்தை விழுங்கிக்கொள்ளும் இன்ஜின் மாதிரி
கெண்டை சாதுவாகக் கிடந்தது.

அவர் பேனாவை மூடினார்.
"எனக்குத் தெரியலைங்க. ஒண்ணும் இல்லைன்னு சொல்லலை.
தெரியலைன்னு சொல்றேன்."

பதினான்கு மாதம், ஏழு டாக்டர்.
இந்த ஒரு பேச்சுக்குத்தான்
பஸ்சில் கடைசி சீட்டு வரை
தவச்செல்வி என் கையை விடவில்லை.

ஓனர் போஜா கவுடரிடம் நானே சொல்லிவிட்டேன்.
இறக்கம் இப்போது ரூபனுக்கு, ஏற்றம் எனக்கு.
சம்பளமும் அப்படித்தான் பாதிப் பாதி.
கிளீனர் சீட்டில் உட்கார்ந்து
ஒவ்வொரு வளைவிலும்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறேன்.
ரூபன் பார்க்காத மாதிரி ஓட்டுகிறான்.

வரும்போதெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர்:
தேதி, நேரம், எந்தக் கால், முன்னால் என்ன செய்தேன்.
நோட்டு வாங்கவில்லை.
மண்டிச் சீட்டுக்குப் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது.

பன்னிரண்டு. 2.20. வலது. கனவில் ஓடிக்கொண்டிருந்தேன்.
பதினைந்து. வரவில்லை. அதையும் எழுது என்றாள்.
பதினாறு. 2.35. வலது. எதுவும் செய்யவில்லை, படுத்திருந்தேன்.
பத்தொன்பது. 4.50. பர்லியாறு டீக்கடை. கையில் கிளாஸ். இடது.

இடது என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.
சீட்டைத் திருப்பிப் பார்த்தால்
அன்றைக்குக் கேரட்
நல்ல விலை.