நடுக்கோடு

என் படிப்பு வலது கணுக்காலில் தொடங்கியது.
சம்மணம் கட்டி, வயலின் தலையை அதில் சாய்த்துப்
பதினோரு வருஷம்.
பொருளாதாரத் தடைக் காலம். கடைகளில் தந்தி இல்லை.
சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து
ஓரிழையை முறுக்கிப் பூட்டினோம்.
சத்தம் வந்தது.
பரீட்சகர் கண்ணை மூடியிருந்தார்,
ரசிக்கிறார் என்று நினைத்தேன்.
தரம் நான்கு, சாதாரண சித்தி.

பட்டம் எடுத்த பிறகு
என் முதல் கச்சேரி
கச்சேரிக்கு முன்னால்தான் நடந்தது:
வேலையற்ற பட்டதாரிகள், தறப்பாள் கூடாரம்,
நூற்று முப்பத்திரண்டு நாள்.
'நியமனம் வழங்கு' என்ற அட்டையின் பின்பக்கம்
நாலு கோடு கீறி விரல் பழகினேன்.
மாயாமாளவகௌளை, மூன்று காலம்.
பக்கத்தில் இருந்த விவசாயப் பட்டதாரி கேட்டாள்,
"என்னடி, டைப்பிங்கோ?"

நியமனம் வந்தது, நெடுந்தீவுக்கு.
பெட்டி மடியில்,
பெட்டிக்கு மேல் பொலித்தீன், பொலித்தீனுக்கு மேல் நான்.
ஆனாலும் உப்புக்காற்று பசையைத் தின்றது.
பின்பலகை வாய் பிளந்த அன்று
தீவில் இருந்த ஒரே ஆள் படகு திருத்துபவர்.
வடிவாக ஒட்டினார்.
பிறகு முன்பக்கம் திருப்பிப் பார்த்து,
"இந்த ரெண்டு ஓட்டையையும் அடைக்கட்டோ, ரீச்சர்?"

வியோலா முப்பத்தைந்தில்.
கொழும்பில் ஒரு வாத்தியக் குழுவில்
ஒரு கதிரை வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.
மாதம் இரண்டு தரம் இரவு ரயில்.
சொல்லித்தந்தவளுக்கு இருபத்துமூன்று வயது,
பெயர் ரொஷேல், பல்லில் கம்பி.
"எழும்பி நில்லுங்க" என்றாள்.
நின்றுகொண்டு வாசித்ததே இல்லை நான்.
கால் இரண்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.
"இழுக்காதீங்க. ஒரு சுரத்தில இறங்கினா அங்கயே நில்லுங்க."
தோடியில் வளர்ந்தவளிடம்
காந்தாரத்தை அசையாமல் பிடி என்கிறாள்.
திரும்பி வரும் ரயிலில் மதவாச்சி வரைக்கும்
அவளோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

அந்த வாத்தியத்துக்குத் தனிக் குறி ஒன்று உண்டு,
ஐந்து கோடுகளில் நடுக்கோட்டைக்
கட்டிப்பிடித்து நிற்கும் கொக்கி.
அதைத்தான் நான் ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டேன்.
மேலே வயலின்கள் மெட்டை எடுத்துக்கொண்டு போகும்.
கீழே செல்லோ அழும்.
இடையில் நான்
ஒரே சுரத்தை அறுபத்துநாலு தரம்.
வாசிக்கும்போது ஒருவருக்கும் கேட்காது.
ஒருநாள் பக்கம் புரட்டத் தவறி நிறுத்திவிட்டேன்.
முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது.

இப்போது கொய்யாத்தோட்டத்தில் மாடி அறை,
கீழே போட்டோப் பிரதிக் கடை.
விளம்பரப் பலகையில் 'வயலின், வயலா' என்று
எழுதிவிட்டான் பெயின்ரர்.
வயலினுக்கு இருபத்தாறு பேர்,
இருபத்தாறு பேரின் தாய்மாரும்.
இசட் புள்ளிக்கு உதவுமோ என்று கேட்கிறார்கள்.
மற்றதற்கு ஒரே ஒருவர்:
அமலதாசன், பாசையூர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு.
முப்பது வருஷம் மீன் ஏலம் கூறித் தொண்டை போய்விட்டது.
கத்தினால் குரலே இல்லாமல் போகும் என்றாராம் டொக்டர்.
"கத்தாமல் கத்திற சாமான் ஏதும் இருக்கோ?"
என்று கேட்டுக்கொண்டு படியேறினார்.

ஆகத் தடித்த தந்தியை முதலில் தொட வைத்தேன்.
மேசையில் இருந்த கண்ணாடிக் கிளாஸ் அதிர்ந்தது.
வில்லை எடுத்துவிட்டு
வெகுநேரம் தன் நெஞ்சைத் தடவினார்.

கட்டணத்துக்குப் பதில் சில மாதம் விளைமீன் தருகிறார்.
நான் சைவம் என்று இன்னும் சொல்லவில்லை.
கீழ்க் கடைக்காரர் நல்லாய்ச் சாப்பிடுகிறார்.

தாளம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை,
ஆதியும் வராது, நாலுக்கு நாலும் வராது.
போன புதன்கிழமை
நீண்ட சுரம் ஒன்றைக் கொடுத்து,
உங்கள் பாட்டுக்கு எண்ணுங்கோ என்றேன்.
கிழிந்த குரலில் மெல்ல,
"ஒருதரம்..."
வில் பாதி வந்துவிட்டது.
"ரெண்டுதரம்..."
மூன்றாவதைச் சொல்லாமல்
இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.