ஒரு எண் தள்ளி

அடையாள அட்டையில் என் கடைசி மூன்று இலக்கம் 414.
அனக்லெத்தோவுக்கு 415.
பரானா ஆற்றங்கரை, கோயா ஊர்ப் பதிவகம்.
ஒரே காலையில் எங்கள் அப்பாக்கள் வரிசையில் நின்றார்களாம்.
நான் வீரிட்டு அழுதிருக்கிறேன்.
"பிள்ளைக்குப் பசிபோல, நீங்க முன்னால போங்க"
என்று அவன் அப்பா விலகி வழிவிட்டிருக்கிறார்.
அவ்வளவுதான்.

பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் குலுக்கலை
வானொலியில் யாரோ தூக்கக் குரலில் வாசித்தார்கள்.
நானூற்றுப் பதினான்குக்கு விழுந்தது எழுபத்தொன்பது.
சின்ன எண். வீட்டோடு இருக்கலாம்.
நானூற்றுப் பதினைந்துக்கு அறுநூற்று முப்பது.
தரைப்படை.
அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அவர்கள் வானொலியை அணைப்பது கேட்டது.

எண்பத்திரண்டு ஏப்ரலில்
வெயிலில் வளர்ந்த அவனை
மால்வினாஸ் தீவுகளின் ஈரக் குழிக்குள் இறக்கினார்கள்.
நான் சதுக்கத்தில் நின்று போர் வாழ்க என்று கத்தினேன்,
தொண்டை கட்டும்வரை.
மறுநாள் தேன் போட்டு வெந்நீர் குடித்தேன்.
இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

போன மாதம் நகரசபைக் கூட்டம்.
பழைய கப்பல் பீரங்கி ஒன்றைச் சதுக்கத்தில் நிறுத்த வேண்டுமாம்,
குழாய் தெற்கு பார்த்து.
தீர்மானம் கொண்டுவந்த லௌதாரோவுக்கு முப்பத்தொன்று வயது.
இதுவரை அவன் தூக்கிய ஆயுதம் ஒலிவாங்கி.
"மறுபடியும் போவோம்" என்றான். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன்.
பிள்ளைகள் ஊஞ்சலாடும் இடம், பீரங்கி வேண்டாம் என்றேன்.
போனவர்கள் போதும் என்றும் சொன்னேன்.
அது தேவையில்லாத வாக்கியம்.

அனக்லெத்தோ திரும்பாமலே சொன்னான்:
"கரையில நின்னவன் ஆழம் பேசாதே.
அன்னைக்குப் போ போன்னு கத்தினதும் நீதான்.
என் தங்கச்சி பார்த்திருக்கா."

உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து சத்தூர்னினோ கேட்டான்,
"நான் நனைஞ்சவன். நான் பேசலாமில்ல?
பசி தாங்காம ஒரு ஆட்டை அடிச்சுத் தின்னேன்.
எங்க சார்ஜெண்ட் என்னை ஈரத்தரையில
நாலு முளையடிச்சுக் கட்டிப்போட்டார்.
ஆங்கிலேயன் இல்ல. எங்க சார்ஜெண்ட்.
ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடந்தேன்.
பீரங்கி வரட்டும்.
குழாயை அவர் வீட்டுப் பக்கம் திருப்பி வையுங்க,
நானும் கை தூக்கறேன்."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"அப்ப எவாரிஸ்தோ?" என்றான் அனக்லெத்தோ.
குரல் இறங்கியிருந்தது.
"நானும் நீயும் ஹெல்மெட்டால மண்ணை வாரித்தானே மூடினோம்.
அவன் அம்மா இன்னும் இருக்காங்க.
அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? வீண்னா?"

சத்தூர்னினோ பதில் சொல்லவில்லை.
லௌதாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
இருவரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள்.
மூடிக்கொண்டான்.

ஐந்துக்கு நான்கு. பீரங்கி வருகிறது.

வெளியே மழை பிடித்திருந்தது.
சண்டைபோட்ட இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள்,
பின்னால் உட்கார்ந்தவன்
முன்னால் இருந்தவன் தலைக்கும் சேர்த்துத் தார்ப்பாய் பிடித்தபடி.
வேண்டாமென்று என்னோடு கை தூக்கியவர்கள்
கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அனக்லெத்தோ என் பஞ்சர் கடைக்கு வந்தான்.
ஊரில் இன்னும் இரண்டு கடை இருக்கின்றன.
பின்சக்கரம். சிறு ஆணி.
ட்யூபைத் தண்ணீரில் முக்கி
குமிழி எங்கே வருகிறதென்று இருவரும் குனிந்து பார்த்தோம்.
அந்த வரிசையைப் பற்றி, என் அழுகையைப் பற்றிச்
சொல்ல நினைத்தேன்.
அவனுக்குத் தெரியுமா என்றே எனக்குத் தெரியாது.

"எவ்வளவு?"
"இருக்கட்டும்."
"எவ்வளவுன்னு கேட்டேன்."

சொன்னேன். எண்ணி வைத்தான்.
பிறகு, காற்று போதுமா என்று
சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தான்,
இடது காலால்,
பூட்ஸின் முனை காலியாக மடங்கும் அந்தக் காலால்.
"இன்னும் கொஞ்சம் அடி" என்றான்.